கை மட்டும் போதாது

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் தீவில் தங்கி நீங்கள் எடுத்த படங்களெல்லாம் புத்தகமாகி, நேற்றுப் படகில் வந்து சேர்ந்தன. எங்களை மறக்காமல் அனுப்பினீர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். தெருவே எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து, "இந்தா பாரு, என் தறி!" என்று காட்டுகிறாள்.

ஒரே ஒரு குறை, கோபித்துக்கொள்ளாதீர்கள். படகுத்துறைப் பூனைக்குக்கூட முழு முகம் போட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கை மட்டும்தான். தறியில் கை, பாவில் கை, நூல் சுற்றும் கை. நீங்கள் ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் அவர் போய்விட்டார். கல்யாணப் படங்களைப் புயல் கொண்டுபோயிற்று. அப்போது வயிற்றில் இருந்த மகளுக்கு இப்போது நாலு வயது. "அப்பா எப்படிம்மா இருப்பாரு?" என்று நச்சரிக்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகம் எங்காவது ஓரத்திலாவது விழுந்திருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்கா,

அண்ணன் இல்லை என்பதே உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. படித்ததும் பழைய பெட்டிகளை இறக்கித் தேட ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர் கேமராவைப் பார்த்துவிட்டால், இயல்பாக இல்லை என்று அந்தப் படத்தைக் கழித்துவிடுவோம். நான் கேமராவைத் தூக்கினாலே அண்ணன் நிமிர்ந்து சிரித்துவிடுவார். அதனால்தான் கையோடு நிறுத்திக்கொண்டேன். நல்லவேளை, கழித்த நெகடிவ்களைத் தூக்கிப் போடவில்லை. பெட்டி நிறைய அண்ணன் சிரிக்கிறார், அக்கா! ஒன்றைப் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி அனுப்புகிறேன். மற்றவை உறையில் இருக்கும்.

உங்கள்
தம்பி


ஆகஸ்ட் 1

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணாடி உடையாமல் படம் வந்து சேர்ந்தது. அழுது தீர்த்தேன். பிறகு தறியில் உட்கார்ந்தேன், வேலை ஓடினால்தானே. இந்த உதவியை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். நான் நெய்த துண்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். சாயம் போகாது, பயப்படாமல் துவையுங்கள்.

ஒன்று சொல்லட்டுமா? அவர் உங்கள் கேமராவைப் பார்க்கவே இல்லை. நீங்கள் படம் எடுக்கும்போதெல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று, நான்தான் அவருக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "அம்மா, அப்பா என்னையே பாக்கறாரு" என்றாள்.

"ஆமாண்டி, உன்னையும்தான்" என்றேன்.

நன்றியுடன்,
அக்கா