தாய்மாமன் மடி

நாகல் நகர்,
8.7.2024

அன்புத் தம்பி கண்ணனுக்கு,

அக்கா ஜோதிமணி எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். உன் போன் ஏன் அணைஞ்சே கிடக்கு? தென்னந்தோப்புக்கு வேலைக்குப் போனவன் அக்காவை மறந்தே போனியா? அங்க தேங்கா லோடு ஏத்த வர்ற நம்ம தெரு பாண்டிகிட்ட இதக் குடுத்து விடுறேன்.

ஆவணி பிறந்ததும் உன் மருமக ஜீவிதாவுக்குக் காதுகுத்து. சீரு கீருன்னு அலையாதே. பிள்ளைய உக்கார வைக்க உன் மடி போதும். வந்துருடா.

அக்கா
ஜோதிமணி


தொப்பம்பட்டி,
11.7.2024

அக்காவுக்கு,

இத மாமா கண்ணுல படாமப் படிச்சிட்டு அடுப்புல போட்டுரு.

காய்ச்சல் விடலேன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் பாத்துட்டு எச்.ஐ.வி.ன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை குடுத்தாங்க. யாராச்சும் பாத்துருவாகளோன்னு பையக்கூட இன்னும் பிரிக்கல. தோப்புல ரெண்டு பேரு சிரிச்சா என்னையத்தான்னு தோணுது. முடி வெட்டப் போய், கத்திய எடுத்ததும் பாதியில எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்.

காது குத்துனா ரத்தம் வருமேக்கா. பிள்ள என் மடியிலயா? வேற யாரையாச்சும் உக்கார வச்சுக் குத்திருங்க. இனி நான் இருந்து யாருக்கு என்ன?

கண்ணன்


நாகல் நகர்,
15.7.2024

கண்ணா,

உன் கடுதாசியப் படிச்சதும் போய்க் கையக் கழுவுனேன்டா. அதுக்கப்புறம்தான் அழுதேன்.

இன்னைக்குக் காலையில இங்க பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இதுக்குன்னே ஆலோசனை சொல்ற நஸீராம்மா இருக்காக. "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு"ன்னு ஆரம்பிச்சேன். "கூடப் பொறந்தவரா?"ன்னு கேட்டாக. ஆமான்னுட்டேன். மடியில வச்சா ஒட்டாதாம், சேந்து சாப்பிட்டா ஒட்டாதாம். மாத்திரைய விடாமப் போட்டா எல்லாரையும் மாதிரி இருக்கலாமாம், கல்யாணம்கூடப் பண்ணலாமாம். இந்த மாதிரிப் பயந்து ஒடுங்குறவுகள அன்னாடம் பாக்குறாகளாம், உன்னையவும் கூட்டிட்டு வரச் சொன்னாக.

எப்படி வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பயமாத்தான் இருக்கு. அம்புட்டும் புத்திக்கு எட்டுது, மனசுக்குத்தான் இன்னும் எட்டல. அதுக்காக உன்னைய விட்டுற முடியுமா?

காதுகுத்து உன் மடியிலதான். நீ இல்லேன்னா அது நடக்காது.

பாண்டி இன்னைக்கே வாரான். நாளைக்கு மொத பஸ்ஸுல நான் வாரேன். அதுவரைக்கும் தனியா இருக்காதே, ஆளுக இருக்குற இடத்துல உக்காரு. என் கண்ணு முன்னால அந்த மாத்திரையப் போடு. சோறும் வெஞ்சனமும் கொண்டாரேன். ஒரே இலையில பிசைஞ்சு சாப்பிடுவோம். என் கை நடுங்கும். நீ அதப் பாக்காம சாப்பிடு.

உன் அக்கா
ஜோதிமணி