எந்த வீட்டில் நடந்தார்

செவ்வாய், இரவு

விபத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்தபடி கிடக்கிற என் புருஷனுக்கு உள்ளே நினைவு இருக்கிறதா என்று பார்க்க, இன்று எர்ணாகுளத்தில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டி, "உங்க வீட்டுக்குள்ள ஒவ்வொரு ரூமா நடக்கிறதா நினைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களாம்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "சேச்சி, நினைவு இருக்கு. நிறுத்தச் சொல்ற வரைக்கும் மனசுக்குள்ள நடந்துட்டே இருந்தார்." மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்களுக்கு இருப்பது ஒரு அறையும் அடுக்களையும். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். அதில் எவ்வளவு நேரம் நடப்பார்? பள்ளுருத்தியில் இன்னொருத்தியை வைத்திருந்தாரே, அந்த வீட்டுக்குத்தான் மாடியும் அத்தனை அறையும். அங்கிருந்து வரும்போதுதான் பஸ்ஸில் மோதினார்.

மூத்திரப் பை மாற்ற நான். புரட்டிப் படுக்கவைக்க நான். நடக்க மட்டும் அங்கே.

அடுத்த வாரம் கேள்வியும் கேட்கலாமாம். ஆமாம் என்றால் வீட்டுக்குள் நடப்பதாக நினைக்க வேண்டும், இல்லை என்றால் சும்மா கிடக்க வேண்டும். "வலிக்குதான்னு கேக்கச் சொல்லு" என்றாள் மாமியார்.

அதை அவளே கேட்கட்டும். நான் கேட்கப்போவது ஒன்றுதான். முதல் ஸ்கேன் அன்றைக்கு நடந்தது பள்ளுருத்தி வீட்டிலா?

சும்மா கிடந்தால் பிழைத்தார். நடந்தால், மூத்திரப் பையோடு அந்த மாடியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவேன்.