பனிநாடு: இரண்டாம் பாகத்துக்கு வந்த கருத்துகள்

பயண நாள் 2114 | காலை 7:10

தூங்குகூடத் திரவம் 18 டிகிரி. பம்ப் ஓடுகிறது. காற்று, மின்சாரம், திசை எல்லாம் சரி.

இந்தக் கலத்தை என்றைக்காவது கண்டெடுப்பவருக்கு: என் பெயர் சேவுகன். காவல் முறை என்னுடையது. இருநூற்றுச் சொச்சம் பேர் கூடத்தில் தூங்குகிறார்கள், விழித்திருப்பது நான் ஒருவன். அவர்கள் கட்டில்களைச் சுற்றிக் குழாயில் அளவான சூட்டில் திரவம் ஓடும். உடல் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் இதயம் நின்றுவிடும். இருபதுக்கு மேலே போனால் அரைகுறையாக விழிப்பு வந்து மூளை கெடும். நடுவில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. என் மனைவி மீனாளும் அங்கேதான் படுத்திருக்கிறாள்.

உடல் தூங்கினாலும் மூளைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். அதற்காக எல்லோரும் தூக்கத்துக்குள் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். அதை எழுதியவனும் நானே. முதல் பாகம் கோட்டைநாடு. எல்லாக் கோட்டையையும் பிடித்து, எல்லாப் பூதத்தையும் கொன்று, கடைசியில் சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். நேற்று இரண்டாம் பாகத்தைத் திறந்துவிட்டேன். பெயர் பனிநாடு.

உள்ளேயிருந்து வெளியே வருவது ஒன்றுதான். விளையாட்டில் சத்திரத்தில் தங்கும்போது, அங்கிருக்கும் பலகையில் கருத்து எழுதலாம். நட்சத்திரமும் நாலு வரியும். என் பதிலும் அதே பலகையில் தெரியும். முதல் நாள் வரவுகள்:

*கொடுவாள் (நிஜப்பெயர் ஜமால், மண் ஆராய்ச்சி): “அஞ்சு நட்சத்திரம். யாளி மேல ஏறி மலையத் தாண்ட விட்டீங்க பாருங்க தலைவரே, அதுக்கே உங்களுக்குக் கோயில் கட்டலாம்.”*

*ராஜகுரு (நிஜப்பெயர் வேதவல்லி, பல் மருத்துவர்): “ரெண்டரை. முதல் பாகம் மாதிரி வராது. மேப் சின்னது. பழைய பூதத்துக்கே வெள்ளை பெயிண்ட் அடிச்சு விட்டுருக்கு.”*

*சும்மா வந்தவள் (மீனாள்): “ரெண்டு. ஆரம்பத்துலயே தோழனைக் கொன்னுட்டா நாங்க அழுதுருவோம்னு நெனைச்சீங்களா? அவன் யாருன்னே தெரியல.”*

ஜமால் ரசனை உள்ள மனிதர். பல் மருத்துவருக்குப் பிடுங்கத்தான் தெரியும். மீனாளைப் பற்றி என்ன சொல்ல? கல்யாணப் பந்தியிலேயே சாம்பாரில் உப்பு குறைவு என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னவள். மூவருக்கும் “கருத்துக்கு நன்றி” போட்டேன்.

பயண நாள் 2117 | காலை 7:05

திரவம் 18.7. கொஞ்சம் ஏறியிருக்கிறது. சூடேற்றியை ஒரு படி குறைத்தேன்.

இன்று மனசு நிறைந்த நாள். எழுதி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

*கொடுவாள்: “தலைவரே, வடக்குக் கணவாயில நிக்கிறப்ப நிஜமாவே சில்லுங்குது. எப்படிச் செஞ்சீங்க?”*

*ராஜகுரு: “மூணரை. பனி மட்டும் ஒத்துக்கிறேன். காது மடல் வலிக்குது.”*

இதே மாதிரி முப்பதுக்கு மேல். இதில் வேடிக்கை என்னவென்றால், குளிர் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. இந்த விளையாட்டு கண்ணுக்கும் காதுக்கும் மட்டும்தான். தோலில் எதையும் உணரவைக்க இதில் வழியே இல்லை. வெறும் வெள்ளையையும் காற்றுச் சத்தத்தையும் வைத்து இத்தனை பேரை நடுங்க வைத்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

வேதவல்லியின் கருத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

பயண நாள் 2119 | மாலை 5:40

திரவம் 19.3. இன்னொரு படி குறைத்தேன். பம்ப் ஓடுகிறது.

மாதம் ஒருமுறை கூடத்துக்குள் நேரில் போய்க் கட்டில் கட்டிலாக அளவு படிக்க வேண்டும் என்பது முறை. இந்த மாதம் இன்னும் போகவில்லை. பனிச்சரிவுக் காட்சியை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். குளிர் வேண்டும் என்று கேட்கிறார்கள், கொடுக்காமல் இருக்க முடியுமா? வடக்கே பனிப்புயலைக் கூட்டிவிட்டேன்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் பிடிக்கவில்லை.

*சும்மா வந்தவள்: “ஒண்ணு. ஏங்க, குளிருது. எல்லாரும் ஆகா ஓகோங்கிறாங்க. ஆனா நீங்க குளிரை எழுதலைன்னு எனக்குத் தெரியும். எழுதுற வசதியே கெடையாதுன்னு நீங்கதான் புலம்புனீங்க. அப்ப இது எங்கேருந்து வருது?”*

ஊரே மெச்சினாலும் வீட்டில் மெச்ச ஆள் இல்லை. கற்பனை என்று ஒன்று இருக்கிறது, நல்ல வேலை அதைக் கிளப்பிவிடும் என்று அரைப் பக்கம் எழுதினேன். பிறகு அழித்துவிட்டு “கருத்துக்கு நன்றி” போட்டேன். அவளுக்கு அந்த இரண்டு சொல்லைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தெரிந்தேதான் போட்டேன்.

பயண நாள் 2121 | காலை 9:30

திரவம் 19.8. மறுபடியும் குறைத்தேன். இது ஏன் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் வேறு தலைவலி.

கண்ட்ரோல் சரியில்லை என்று புகார் குவிகிறது.

*ராஜகுரு: “ஒண்ணு. வாள் கையில நிக்கல. விரலை மடக்குனா மடங்கல. டெஸ்ட் பண்ணாமலா விட்டீங்க?”*

*கொடுவாள்: “தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. யாளி மேல ஏறுறதுக்கே ரொம்ப நேரம் ஆகுது. கால் வேற யாரோடதோ மாதிரி இருக்கு. சரிபண்ணி ஒரு பேட்ச் போட்டா நல்லாருக்கும்.”*

ஜமாலே இப்படி எழுதியபிறகு சும்மா இருக்க முடியவில்லை. கைகால் அசைவுக்கான பகுதி முழுவதையும் திறந்து வரி வரியாகப் பார்த்தேன்.

பகல் 1:15

தப்பு எதுவும் இல்லை. முதல் பாகத்தில் எழுதிய அதே பகுதி. வருடக்கணக்காக ஒழுங்காக ஓடியது.

பகல் 1:40

விளையாட்டில் தப்பு இல்லை என்றால் விரல்கள் ஏன் மடங்கவில்லை.

மீனாள் எழுதியதை மறுபடியும் படித்தேன். அப்ப இது எங்கேருந்து வருது.

கூடத்துக்குப் போகிறேன்.

பயண நாள் 2121 | மாலை 4:20

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததும் மூச்சு புகையாக வந்தது. கட்டில் மூடிகளின் உள்பக்கம் உறைபனி. பிரதான வடிகட்டியில் அடைப்பு. ஓட்டம் மெலிந்து, நின்று, குழாய்களுக்குள் திரவம் ஆறிய கஞ்சி போலக் கெட்டிப்பட்டிருக்கிறது. பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, எதையும் தள்ளவில்லை. நான் பார்க்கிற வெப்பமானி சூடேற்றியின் வாயில் இருக்கிறது. போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி நின்ற திரவம் சூடாகிக்கொண்டே போயிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மூன்று முறை நான் சூட்டைக் குறைத்தேன். இவர்கள் உறையும்போது நானே அடுப்பைத் தணித்திருக்கிறேன்.

கட்டில் அளவுகள்: ஜமால் 12.2. வேதவல்லி 12.4. மீனாள் 12.8. கடைசி வரிசையில் பதினொன்றுக்குக் கீழே பலர். அவர்களின் பெயர்களைப் படித்தேன். எழுதத் தெம்பு இல்லை.

அவர்கள் நாலு நாளாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக, நட்சத்திரம் போட்டுச் சொன்னார்கள். நான் அதைப் பாராட்டு என்று படித்தேன்.

பயண நாள் 2122 | காலை 8:00

வடிகட்டியைக் கழற்றி மாற்றினேன். சூடேற்றியை முழுதாகத் திருகினேன். வாயில் கொதிக்கிறது, நாலடி தள்ளிக் குழாய் இன்னும் கட்டி. பம்பின் வேகத்தைக் கூட்டினேன். இரண்டு இணைப்புகள் வெடித்துத் திரவம் தரையில் கொட்டியது. இருப்பில் இருந்ததை ஊற்றினேன். போதவில்லை.

அடுத்த காவலரை எழுப்பினால் இரண்டு கைகள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எழுப்ப ஒன்பது மணி நேரம் சூடான திரவம் ஓட வேண்டும். அதுதான் இல்லையே.

சமையலறையில் வெந்நீர் வைத்துப் பைகளில் ஊற்றிக் கட்டில்களுக்கு அடியில் செருகினேன். இத்தனை கட்டிலுக்கும் பைக்கு எங்கே போவது? ஒன்றைச் செருகிவிட்டுத் திரும்பினால் முன்னது ஆறிக் கிடக்கிறது.

பலகையில் கருத்துகள் வருகின்றன. திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன்.

*கொடுவாள்: “அஞ்சு நட்சத்திரம். பேட்ச் போட்டுட்டீங்க போல. குளிர் சுத்தமா இல்ல. நல்லா வெதுவெதுன்னு இருக்கு. நன்றி தலைவரே. நான் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.”*

நான் எந்த பேட்சும் போடவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜமாலின் கட்டில் 11.4. பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்: குளிரில் உறைபவர்களுக்குக் கடைசியில் உடம்பு சூடாக இருப்பதுபோலத் தோன்றும். பனியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செத்துக் கிடப்பார்கள்.

பத்து நிமிடம் கழித்து அவர் இதயம் நின்றது. பக்கத்தில்தான் இருந்தேன்.

பகல் 12:30

*ராஜகுரு: “அஞ்சு. வாபஸ் வாங்கிக்கிறேன். முதல் பாகத்தை விட இதுதான் நல்லாருக்கு. இதமா இருக்கு.”*

இப்படியே நாற்பது, ஐம்பது வந்துவிட்டன. எல்லாம் ஐந்து. இந்த வார்த்தைகளுக்காக எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன். இப்போது ஒவ்வொன்று வரும்போதும் எந்தக் கட்டில் என்று தேடிக்கொண்டு ஓடுகிறேன்.

மீனாளிடமிருந்து:

*“ரெண்டு. இன்னும் குளிருது.”*

தரையில் உட்கார்ந்து அழுதேன். குளிர்கிறது என்றால் இருக்கிறாள்.

என் அறைச் சுவரைப் பெயர்த்து, உள்ளே ஓடும் சூட்டுக்கம்பியை வெளியே எடுத்தேன். ஒரு கட்டிலுக்குத்தான் வரும். எந்தக் கட்டில் என்று யோசித்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். நேராக அவளிடம் போய்ச் சுற்றினேன். பக்கத்துக் கட்டில்களின் முகங்களைப் பார்க்கவில்லை. இதைப் படிப்பவர் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

மீனாள் 12.5. இறங்காமல் நிற்கிறது.

பயண நாள் 2122 | மாலை 3:10

*சும்மா வந்தவள்: “ஏங்க, சத்திரத்துல எல்லாரும் உக்காந்துட்டாங்க. கூப்பிட்டா சிரிக்கிறாங்க, எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. கொஞ்ச நேரத்துல அப்படியே மறைஞ்சு போறாங்க. என்ன நடக்குது? சுத்தி வளைக்காம சொல்லுங்க.”*

எழுதினேன்: “குழாய் அடைத்துவிட்டது மீனா. நீ கேட்ட கேள்வி சரி. நான்தான் காதில் வாங்கவில்லை. நடந்துகொண்டே இரு, உட்காராதே.”

உள்ளே நடப்பதால் வெளியே கிடக்கும் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. தெரிந்தும் எழுதினேன்.

*“எழுதுறப்பவே நெனைச்சேன். கோவிச்சுக்கிட்டு நன்றி போடுவீங்கன்னு. சரி, நடக்குறேன். எனக்குக் கொஞ்சம் தேவலாம்போல இருக்கே, எல்லாருக்கும் சூடு வருதா? இல்ல எனக்கு மட்டுமா?”*

“எல்லோருக்கும்” என்று பதில் போட்டேன்.

*“பொய் சொன்னா உங்க எழுத்துலயே தெரியும். சரி, விடுங்க. இந்தப் புயலையாவது நிறுத்துங்க. கண்ணே தெரியல.”*

நிறுத்தினேன். அவளுக்குப் பக்கத்தில் ஒரு யாளியை அனுப்பினேன். புயலை நிறுத்தியதுதான் அவள் கேட்டு நான் செய்த முதல் திருத்தம்.

மாலை 4:25

மீனாள் 12.3. கம்பி சூடாகத்தான் இருக்கிறது. கையை வைத்தால் சுடுகிறது. ஆனால் குளிர் அவளுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டது, மூடிக்கு வெளியிலிருந்து அதை இழுத்து வெளியே போட எனக்கு வழி தெரியவில்லை.

12.2.

பலகைக்கும் கட்டிலுக்கும் மாறி மாறி ஓடுகிறேன்.

*“ரெண்டு. இன்னும் குளிருது. யாளிக்கு மொகம் சரியா வரல, ஆடு மாதிரி இருக்கு.”*

சிரித்துவிட்டேன். சத்தமாக. இந்தக் கலத்தில் வேறு யாருக்கும் கேட்காது. திட்டிக்கொண்டே இரு, மீனா.

மாலை 5:05

*சும்மா வந்தவள்: “இப்ப குளிரல. புயல் நின்னதும் எல்லாம் தெளிஞ்சு வெள்ளையா கெடக்கு. யாளி பக்கத்துல படுத்துருக்கு. அழகாத்தான் இருக்குங்க. நீங்க எழுதுனதுலயே இதுதான் நல்லது. எதையும் மாத்தாதீங்க.”*

உடனே எழுதினேன். மேப் சின்னதுதான். தோழனைக் கொன்றது தப்பு. யாளிக்கு ஆட்டு முகம். ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு குறை சொல். ஒன்றே ஒன்று. எழுந்திரு. திட்டு.

கட்டில் 11.7

மீனா

மாலை 5:30

பதில் இல்லை. அவள் பக்கத்தில் இருக்கிறேன். கம்பி இன்னும் சுடுகிறது.

மாலை 6:00

பலகையின் தானியங்கி அறிக்கை: கடைசி ஒரு மணி நேரத்தின் சராசரி மதிப்பு ஐந்து நட்சத்திரம். நிலுவையில் உள்ள புகார்கள் இல்லை. சத்திரத்தில் யாரும் இல்லை.