அந்தப் பில்களை நான் கொடுத்திருக்கக் கூடாது

இன்று திருவாரூரில் இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வகுப்பு. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒருவருடைய விவரத்தை அவருடைய ஒப்புதல் இல்லாமல் இன்னொருவருக்குத் தரக் கூடாது என்று முதல் வரியிலேயே அச்சிட்டிருந்தது. அதற்குமேல் படிக்க முடியவில்லை. உன் முகம்தான் வந்தது.

குடவாசலில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலம். கூடப் படித்தவள் என்பதால் வேறு எங்கும் போகாமல் என்னிடமே வருவாய். வெள்ளிக்கிழமைகளில் துபாயிலிருந்து உன் கணவர் பேசுவார். மற்ற நாட்களில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நீயாக ஏதோ ஓர் எண்ணை அழுத்துவாய். யாரென்று நான் கேட்டதில்லை. நீ பேசி முடித்ததும் வரும் பில்லில் அந்த எண் இருக்கும். அதன் நகலை நான் கம்பியில் குத்தி வைப்பேன்.

ஒருநாள் உன் கணவரின் அண்ணன் வந்தார். "எங்க வீட்டுப் பொண்ணு யார்கிட்ட பேசுதுன்னு நாங்க தெரிஞ்சுக்க வேணாமா? அந்த பில்லெல்லாம் குடும்மா" என்றார். வீட்டுப் பெரியவர் கேட்கிறார், நியாயம்தானே என்று நினைத்து உருவிக் கொடுத்தேன். என் போனிலிருந்தே அந்த எண்ணுக்குப் பேசினார். ஆண் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

மறுவாரம் பெட்டியோடு வந்தாய். உன்னைத் திருக்காட்டுப்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம். "திருச்சியில நர்ஸ் டிரெய்னிங் சேர விசாரிச்சுக்கிட்டிருந்தேன். போன்ல பேசினது அந்த ஆபீஸ் கிளார்க். இடம் கிடைச்சப்புறம் வீட்ல சொல்லலாம்னு இருந்தேன்" என்றாய். கும்பகோணம் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, "குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாய். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் கணவர் அதன்பிறகு உன்னோடு பேசவே இல்லை. படிப்புக்கு உன் அண்ணன் விடவில்லை. நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்பதை, காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"அப்பல்லாம் இதுக்குச் சட்டம் கிடையாது" என்றார் இன்று வகுப்பெடுத்த அதிகாரி. அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. உன்னைக் கேட்பதற்கு எனக்குச் சட்டமா வேண்டியிருந்தது?

போன மாதம் ஒருவர் என் மையத்துக்கு வந்தார். என்னிடம் வந்துபோகும் தன் மகள் எந்த ஊரில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, அது சொன்னாதான் எடுப்பேன்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். அடுத்த தெரு மையத்தில், பிறந்த தேதியைச் சொன்னதுமே எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பெண்ணை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. அவள் பெயரை உன் பெயரோடு சேர்த்து மனதில் வைத்திருக்கிறேன்.