படகில் நிற்கும் மழைத் தண்ணீர்

மரியே வாழ்க

ஊரூர் குப்பம், சென்னை

அன்புள்ள லூர்து மாமாவுக்கு, வசந்தி எழுதுவது. நானும் நம் மகள் அஸ்வினியும் சுகம். பஹ்ரைனில் உங்கள் உடம்பு எப்படி? போனில் கேட்டால் நல்லா கீறேன் என்று சிரித்தே முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் அங்கே வரும் ஷாஹுல் ஹமீது அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

ஐப்பசியில் ஏமாற்றிய மழை, போன வாரம் பங்குனியில் வந்து கொட்டியது. பங்குனி வெயிலை யார்தான் நம்ப மாட்டார்கள்? மணலில் போட்டால் நாய் இழுக்கிறதே என்று, கவிழ்த்து வைத்திருந்த நம் படகை ஆள் பிடித்து நிமிர்த்தி, அதற்குள் கருவாடு காயப் போட்டிருந்தேன். தி.நகரில் மீன் விற்றுவிட்டு நனைந்துகொண்டே ஓடி வந்தால், படகு நிறையத் தண்ணீர், கருவாடு மிதக்கிறது. செத்த மீன் திரும்பவும் நீந்துதும்மா என்று அஸ்வினி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. அப்புறம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மழையும் காற்றும் முன்போல இல்லை, கடலை நம்ப முடியவில்லை என்றுதான் போனீர்கள். அது பொய்யில்லை. ஆனால் இந்த வாரம் தங்கபுஷ்பம் அக்கா வீட்டு வலையில் நெத்திலி அள்ளி மாளவில்லை. நம் படகுக்கு மேலே நிற்கும் பூவரசு மரமும் பூத்துக் கிடக்கிறது.

இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடவா, படகை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நந்தகுமாருக்கே விற்றுவிடலாமா என்று கேட்டீர்கள். அவன் நேற்று வந்தான். சும்மா கீற படகை வச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போற என்கிறான். தண்ணீர் நிற்கிற படகை எப்படிடா கொடுப்பது, மாமா வந்து இறைக்கட்டும் என்றேன். நானே இறைச்சிக்கிறேன் என்றான். கிட்டவே விடவில்லை.

கொசு வருகிறது என்று அக்கம்பக்கம் திட்டுகிறார்கள். திட்டட்டும். வீட்டில் பேச ஆளில்லாதபோது அங்கே போய் நிற்கிறேன். தண்ணீரில் பூவரசம்பூ மிதக்கிறது.

ஆனால் வெயில் ஏறிவிட்டது, மாமா. தண்ணீர் வற்றிக்கொண்டே வருகிறது. இன்று யாரும் பார்க்காத நேரம் ஒரு குடம் ஊற்றிவிட்டு வந்தேன். எத்தனை நாளைக்குத்தான் ஊற்றுவேன்? மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஈஸ்டருக்குள் வந்து இறைத்துவிடுங்கள்.

உங்கள் மனைவி
வசந்தி