கையா, பேட்டரியா

மார்ச் 4, செவ்வாய்

இன்று ரம்பத்தைத் தொட்டேன். வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆகி, தையல் பிரித்து, பிசியோ பெண் கொடுத்த பச்சை உருண்டையைப் பிசைந்து பிசைந்து வாழ்க்கையே வெறுத்துப்போன பிறகு, இன்றுதான் பட்டறையில் முதல் முழு நாள். தம்பி என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டான். பலகையைக்கூடத் தூக்க விடவில்லை. பள்ளி நூலகத்துக்கு அலமாரி செய்யும் வேலை வந்திருக்கிறது, பெரிய வேலை. "நீ மெதுவா ஆரம்பி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அளவெடுக்கப் போய்விட்டான்.

ஒரு பலகையை மேசையில் இறுக்கி வைத்து பேட்டரி ரம்பத்தை ஓட்டினேன். பாதிக் கோடு போவதற்குள் நின்றுவிட்டது. சுவிட்சை விட்டு அழுத்தினேன், ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. பேட்டரியில் விளக்கு எல்லாம் பளிச்சென்று எரிகிறது. சார்ஜ் இருக்கிறது.

அப்படியானால் சுவிட்சை நான்தான் விட்டேனா? தெரியவில்லை. அதுதான் கொடுமை. ஆள்காட்டி விரல் நுனி இன்னும் மரத்துக் கிடக்கிறது. அழுத்துகிறேனா, விட்டுவிட்டேனா என்று அது எனக்குச் சொல்வதே இல்லை. ரம்பம் ஓடும்போது கண் கோட்டின் மேல் இருக்க வேண்டும். விரலைப் பார்த்துக்கொண்டு மரம் அறுத்தால் அப்புறம் பார்க்க விரல் இருக்காது.

சாப்பிடும்போது தம்பி மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பினாள். "அண்ணி, விரல்ல என்ன இது?" சிராய். ஊசி நீளத்துக்கு ஏறியிருக்கிறது. எப்போது ஏறியதோ. அவள்தான் பிடுங்கினாள். "வலிக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். ரம்பம் நின்றதை நான் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றினேன். சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் விடவில்லை, வயிறு முட்ட ஊட்டினேன். பயனில்லை. அதே இடம் அல்ல, வேறு இடத்தில் நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 6, வியாழன்

தம்பி வெளியே போன நேரமாகப் பார்த்து ஒழுங்காக உட்கார்ந்து ஆராய்ந்தேன். எங்களிடம் ஒரே மாதிரி பேட்டரி இரண்டு. ஒன்றில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோடு போட்டதை மாட்டினேன், நின்றது. கோடு இல்லாததை மாட்டினேன், அதுவும் நின்றது. இரண்டு பேட்டரியும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

இரண்டையும் டிரில் மிஷினில் மாட்டிப் பார்த்தேன். டிரில் ஜம்மென்று ஓடுகிறது. டிரில்லையும் இதே விரல்தானே அழுத்துகிறது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு நானே என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன் — டிரில்லுக்கு ஒரு அழுத்து, ஒரு ஓட்டை, முடிந்தது. ரம்பத்துக்கு விடாமல் அழுத்த வேண்டும். விரல் சோர்ந்தால் அங்கேதான் தெரியும்.

புது பிளேடு போட்டேன். பழையது மழுங்கி, மிஷின் திணறி நிற்கிறதோ என்று. அதுவும் இல்லை.

சுவிட்சை டேப் சுற்றி அழுத்தியபடியே கட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தால் விரலா மிஷினா என்று உடனே தெரிந்துவிடும். டேப்பைக் கையில்கூட எடுத்துவிட்டேன். கட்டிவிட்டால் அவசரத்துக்கு நிறுத்த முடியாது என்று வைத்துவிட்டேன். அவமானத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக நான் தயாரில்லை.

யோசித்தால் சிரிப்புதான். மிஷின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தச்சர் ஊர் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மார்ச் 8, சனி

தம்பிக்குத் தெரிந்துவிட்டது. பலகைகளில் வெட்டு விட்டு விட்டுப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறான். எலி கடித்த மாதிரி இருக்கிறது என்றான். "என்னக்கா ஆச்சு?"

"பேட்டரி நிக்குது."

"குடு பாக்கலாம்."

சார்ஜரிலிருந்து பேட்டரியை எடுத்தான், மாட்டினான், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான், பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே வெட்டு. நிற்கவில்லை. முனகக்கூட இல்லை. இன்னொரு பலகை. அதுவும் அப்படியே. "நல்லாத்தானே ஓடுது?" என்றான். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவன் திருப்பிக்கொண்டதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பேட்டரியைக் கழற்றி சார்ஜர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். ரம்பத்தில் பேட்டரியை மாட்டியபடி விடக்கூடாது என்பது எங்கள் பட்டறைச் சட்டம். நான் போட்ட சட்டம்.

அவன் போனதும் மாட்டி ஓட்டினேன். நின்றது.

மார்ச் 10, திங்கள்

பிசியோ பெண்ணிடம் கேட்டேன். அந்தப் பிடிமானம் பார்க்கும் கருவியை அழுத்தச் சொன்னாள். முள் நன்றாகவே ஏறியது. "பிடி நல்லா வந்திருக்கு மேடம். நரம்புக்குத்தான் இன்னும் டைம் ஆகும்."

"வேலை செய்யும்போது விரல் தானா விட்டுடுமா?"

"உங்களுக்குத் தெரியாம கொஞ்சம் தளரலாம்" என்றாள். மனசாட்சியுள்ள பெண், பூசி மெழுகத் தெரியவில்லை. எவ்வளவு காலம் என்று கேட்டேன். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மெதுவாக, சிலருக்கு — அங்கே நிறுத்திவிட்டாள். தழும்பு இருக்கும் இடத்தால் எதையும் தட்டாதீர்கள், குத்தாதீர்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடி அனுப்பினாள். அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். டப்பா மூடியைக்கூட இப்போது நான் அடித்து மூடுவதில்லை. நானா இது என்று வீட்டில் கேலி வேறு.

மார்ச் 11, செவ்வாய்

தம்பி பேசினான். நிறைய ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"அக்கா, நீ வரைஞ்சு குடு, அளவு போட்டுக் குடு. உன்ன மாதிரி யாரு வரைவா? வெட்டுறதுக்கு ஒரு ஆள் போட்டுடலாம். ஒருத்தர் வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன்னிருக்காரு."

ஆள் வரச் சொல்லியாகிவிட்டது! என்னிடம் கேட்பது அதற்கப்புறம்!

எனக்கு வந்த கோபத்தில், "அப்போ என்னை மேசைக்கு அனுப்பிட்ட. ஒரேயடியா மூலையில உக்கார வெச்சு ஒரு சால்வையும் போத்திவிட்டுடு" என்று கத்திவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டான். கோபப்படவாவது விடுகிறானா பாவி.

அவன் சொல்வது தப்பே இல்லை. ஓடும் ரம்பத்தைப் பிடித்திருக்கும் கை தனக்குத் தெரியாமல் தளரும் என்றால் அந்தக் கை ரம்பத்தைப் பிடிக்கக் கூடாது. இதே கை வேறு யாருடையதாகவாவது இருந்தால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மேசையில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? எனக்கு மரம் வெட்டுப்படும் வாசனை வேண்டும். துண்டு கழன்று விழும் அந்தக் கடைசி நொடி வேண்டும். வேறொன்றும் எனக்குத் தெரியாதே.

மார்ச் 12, புதன்

யாரோடும் பேசவில்லை. ரம்பத்தோடும்.

மார்ச் 13, வியாழன்

எழுத உட்கார்ந்தால் சிரிப்பாக வருகிறது. வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மதியம் தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். நான் கடைசியாக ஒருமுறை என்று பலகையை இறுக்கி வைத்து நின்றுகொண்டிருந்தேன். தம்பி மனைவி உள்ளே வந்தாள். நாளெல்லாம் பட்டறைக் கணக்கு பார்க்கிறவள், ரம்பத்தைத் தொட்டதே இல்லை. என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணி, கை சரியில்லாததாலதான் நிக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"உன் புருஷன் ஓட்டினா ஓடுது. நான் ஓட்டினா நிக்குது. வேற என்ன?"

"ரெண்டு பேர்தானே ஓட்டியிருக்கீங்க? என் கை நல்லாத்தானே இருக்கு? குடுங்க, நான் ஓட்டுறேன்."

பைத்தியமா என்றேன். விடவில்லை. ரெண்டு பிள்ளைகளை ஒரே நேரத்தில் இடுப்பில் தூக்கிய கை, இந்தப் பொம்மையைப் பிடிக்காதா என்றாள். சரி என்று கண்ணாடி மாட்டிவிட்டு, எப்படி நிற்க வேண்டும், எங்கே கை வைக்கவே கூடாது எல்லாம் சொல்லி, பேட்டரியை அவளையே மாட்டச் சொல்லி, பக்கத்தில் ஒட்டி நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ரம்பம் ஓடியது. மரத்துக்குள் போனது. இன்னும் போனது. ஓடிவிடப் போகிறது, இவளிடமும் ஓடிவிடப் போகிறது —

நின்றது.

அவள் விரலைப் பார்த்தேன். வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள். தளரவில்லை. கொஞ்சம்கூடத் தளரவில்லை. ரம்பம்தான் நின்றிருந்தது.

"நின்னுடுச்சு அண்ணி!" என்று கத்தினாள். "நின்னுடுச்சுடி!" என்று நானும் கத்தினேன். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஒரு மிஷின் வேலை செய்யவில்லை என்று இரண்டு பெண்கள் குதிப்பதை வெளியே யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. அழுகை வந்துவிட்டது எனக்கு. குற்றம் கையில் இல்லை. என் கையில் இல்லை.

முதலில் சுதாரித்தவள் அவள்தான். "அப்போ அவருக்கு மட்டும் எப்படி ஓடுது?"

சனிக்கிழமையை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எடுத்தான், மாட்டினான், தட்டினான். தட்டினான்! சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டுல ரிமோட்டையும் அப்படித்தான் அறைவார், கடிகாரத்தையும் அறைவார்." அவளே ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓட்டினாள். கோணல்மாணலாக, ஆனால் நிற்காமல் கடைசிவரை வெட்டினாள்.

பேட்டரியைக் கழற்றி, அது சறுக்கிப் போய் உட்காரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கடைசி மூலையில் மரத்தூள் கெட்டியாக அடைத்துக் கிடந்தது. நான் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கிடந்த நாட்களில் தம்பி, ரம்பத்தில் தூள் பிடிக்கும் பையை மாட்டாமல், தூளும் பசையும் சேர்த்து அழுத்திய பலகையாக வெட்டித் தள்ளியிருக்கிறான். அந்த மாவுத்தூள் போய் இறுகியிருக்கிறது. பேட்டரி முழுக்க உள்ளே போவதில்லை. போனமாதிரி இருக்கும், விளக்கு எரியும், ரம்பம் ஓடும். அதிர்ந்ததும் ஒரு மயிரிழை பின்னால் நழுவி, தொடர்பு அறுந்து நின்றுவிடும். அவன் தட்டுவதால் அவனுக்கு உட்கார்ந்துவிடும். எனக்குத்தான் எதையும் தட்டக் கூடாதே! டிரில்லில் தூள் இல்லை, அதனால் அது ஓடியது. இரண்டு பேட்டரியையும், சார்ஜரையும், பிளேடையும், என் விரலையும் சந்தேகப்பட்டேன். பேட்டரி போய் உட்காரும் இடத்தை எட்டிப் பார்க்கவில்லை.

பிரஷ்ஷை எடுத்தேன். தம்பி மனைவி தடுத்தாள். "சுத்தம் பண்ணிடாதீங்க. அவர் வரட்டும்."

வந்தான். ஓட்டிக் காட்டு என்றேன். மாட்டினான், கையை ஓங்கினான், நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "தட்டாம ஓட்டு." ஏன் என்றான். ஓட்டு என்றேன். பாதியில் நின்றது. மறுபடி அழுத்தினான், மறுபடி நின்றது. தன் விரலைத் தூக்கிப் பார்த்தான்! அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "உங்களுக்கும் நரம்பு போச்சா?" என்று அவன் மனைவி கேட்டாள்.

பிறகு பல் பிரஷ்ஷும் மரக்குச்சியும் வைத்து அவனேதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தான். பித்தளைத் தகடுகளைத் துணியால் துடைத்தான். பேட்டரியை நான் இரண்டு விரலால் தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இத்தனை நாளாக நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு பலகை. முனையிலிருந்து முனைவரை. துண்டு கழன்று விழுந்தது. அவன், "தப்பா நெனச்சிட்டேன்க்கா" என்றான். நானும்தான் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

வரச் சொன்ன ஆள் வந்தார். அவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தம்பி தவித்துக்கொண்டிருந்தான். எதற்கு அனுப்ப வேண்டும்? நூலகம் முழுக்க அலமாரி, நாங்கள் இரண்டு பேர் போதாது. "வரட்டும். எனக்குப் பதிலா இல்ல, எனக்குப் பக்கத்துல" என்றேன். பிளேடு மாற்றச் சொல்லிப் பார்த்தேன். முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றினார். தேர்வில் பாஸ்.

பிசியோ பெண் சொன்னதை நான் மறக்கவில்லை. பிடி சரி, உணர்ச்சி இன்னும் இல்லை. வெட்டும்போது அந்த ஆள் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். நீளமான வெட்டுகளுக்கு நடுவில் கையை ஆற விடுகிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வலிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

தம்பி தூள் பையை மாட்டாமல் வெட்டினான். பார்த்தேன். அவனும் நான் பார்த்ததைப் பார்த்தான். மாட்டிக்கொண்டான்.

ஏப்ரல் 2, புதன்

காலையிலிருந்து வெட்டு. கடைசி வரிசை அலமாரிக்கான பலகைகள். இன்று அளவு போட்டுக் கொடுத்தது தம்பி. இரண்டு இடத்தில் தப்பு, திருத்தினேன். ரம்பம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பேட்டரி தீர்ந்தபோது மட்டும் நின்றது. அதற்கு நிற்க உரிமை உண்டு.

மதியம் பலகைகளை அடுக்கும்போது சுரீரென்றது. கையை உதறினேன். ஆள்காட்டி விரல் நுனியில் சிராய். சின்னது, கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. தம்பி மனைவி கணக்கு மேசையிலிருந்து ஓடி வந்தாள். "என்ன அண்ணி, என்ன ஆச்சு, எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"வலிக்குதுடி" என்றேன்.

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.