எட்டாம் கொட்டில் குட்டி

ஆக்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தம்பி கேலம் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? என் எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலது மணிக்கட்டில் சின்ன முறிவு, அவ்வளவுதான்.

செவ்வாயன்று ஆய்வுக்கூடத்தில், எட்டாம் கொட்டில் ஆடு நாளுக்கு முன்பே ஈன்றுவிட்டது. வயிற்றில் இருக்கும்போதே குட்டியின் தொப்புள்கொடியைச் சில நிமிடங்கள் அடைத்து, மூச்சுமுட்டிய மூளையைக் குளிர்வித்துக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இந்தக் குட்டியோ மூச்சில்லாமல் தரையில் விழுந்தது. மூச்சு வரவைக்க, நம் பண்ணையில் நீங்கள் செய்வதுபோலவே பின்னங்கால்களைப் பிடித்து வீசிச் சுழற்றினேன். தாய் ஆடு பாய்ந்து என்னைக் கம்பியோடு நசுக்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் கேட்டும் நான் பிடியை விடவில்லை.

"என்னம்மா மோராக், மூளை ஆராய்ச்சிக் குட்டிய துணி மாதிரி அடிச்சுத் துவைக்கிற!" என்று கத்தினார் எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் டெவிட்டா.

அதற்குள் குட்டி தும்மிவிட்டுக் கத்தியது.

"எத்தன நிமிஷம் மூச்சில்லாம கிடந்துச்சு?"

"யாரு கடிகாரம் பாத்தா?"

"அப்ப இது ஆய்வுக்கு ஆகாது."

ஆகாத குட்டியை வெளியே கொடுக்கவும் விதியில்லை. மாலையில் இடது கையால் நானே அதற்குக் கடைசி ஊசியைப் போட்டேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

கேலம் மூச்சில்லாமல் பிறந்தபோதும் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை என்பீர்களே அப்பா.

உங்கள் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தீவனம் வைக்கும் நேரமாகிவிட்டது. கேலமுக்கு இதை வாசித்துக் காட்டும்போது, குட்டி கத்திய இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மகள்,
மோராக்